மீன் குஞ்சும் கடலோரத்துப் பிள்ளையும்

நேயர்களுக்கு வணக்கம். ‘மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?’ என்ற பழமொழி வழங்காத ஊர் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரைக்கும் இராது. மீனுக்கு அது பொருந்தும். அதையே மனிதருக்கும் சொல்லும்போதுதான் எனக்கு அதனோடு நெடுநாள் பிணக்கு. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பாம்பன் பக்கத்துப் பெண்களைப் பார்ப்பவர்கள், ‘அது அவர்கள் இரத்தத்தில் ஊறியது’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். சிறுமியாகத் தாயோடு இறங்கிப் பழகிய காலத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

தாய்லாந்து, மியன்மார் கரைகளை ஒட்டிய அந்தமான் கடல் தீவுகளில் மோக்கென் என்னும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கண்ணாடி இல்லாமலே கடலடியில் சிறு சிப்பிகளைக்கூடக் கண்டெடுப்பார்கள். நீருக்குள் வெறுங்கண்ணைத் திறந்து பார்த்த உங்களுக்குத் தெரியும், எல்லாம் மங்கலாகவே இருக்கும். காற்றில் ஒளியை வளைத்துக் குவிக்கும் கருவிழியின் முன்படலம் நீருக்குள் அந்த ஆற்றலைப் பெரிதும் இழந்துவிடுகிறது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் அன்னா யிஸ்லென், அப்பிள்ளைகளை நீருக்குள் தலையை அமிழ்த்தச் சொல்லி, அட்டையில் உள்ள மெல்லிய கோடுகள் நெடுக்காக இருக்கின்றனவா, குறுக்காக இருக்கின்றனவா என்று கேட்டார். ஐரோப்பியப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு நுட்பமான கோடுகளை அவர்கள் பிரித்தறிந்தார்கள் என்று 2003இல் வெளியிட்டார். நீருக்குள் அவர்கள் கண்பாவையை இயன்றவரை சுருக்கி, கண்வில்லையையும் குவித்துக்கொள்கிறார்கள். பிறவி வரம் என்றுதானே தோன்றும்? ஆனால் அவரே சுவீடன் பிள்ளைகள் சிலருக்கு ஒரு மாத காலம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்; சில மாதங்களில் அவர்களும் மோக்கென் பிள்ளைகளுக்கு இணையாகப் பார்த்தார்கள்.

அப்படியானால் எல்லாம் பழக்கம்தானா என்றால், அதுவும் இல்லை. இந்தோனேசியக் கடலில் மூழ்கி வாழும் பஜாவ் மக்களின் மண்ணீரல், அருகில் வாழும் சலுவான் உழவர்களின் மண்ணீரலைவிட ஏறக்குறைய 50 விழுக்காடு பெரியது என்று 2018இல் மெலிசா இலார்டோ குழுவினர் கண்டார்கள். மூழ்கும்போது மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை இரத்தத்தில் விடுவதால் மூச்சுக்குக் கைகொடுக்கிறது. கடலில் மூழ்காத பஜாவ் மக்களுக்கும் அது பெரிதாகவே இருந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அது மரபணுவில் வந்தது. அந்த மரபணுவைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததோ கடல்.

ஆகவே ஒருவருடைய குணத்தில் மரபணு எத்தனை விழுக்காடு, வளர்ப்பு எத்தனை விழுக்காடு என்று என்னைக் கேட்பவர்களிடம், வாலிநோக்கத்து உப்பளத்தில் விளைந்த ஒரு கைப்பிடி உப்பில் கடல்நீரின் பங்கு எவ்வளவு, வெயிலின் பங்கு எவ்வளவு என்று நான் திருப்பிக் கேட்பேன். ஒரே வெயிலில் காயும் இரண்டு பாத்திகளில் விளைச்சல் வேறுபட்டால், வேறுபாட்டுக்கு நீர் காரணம் என்று சொல்லலாம். விளைச்சலுக்கே நீர்தான் காரணம் என்று சொல்ல முடியாது. உயரத்தில் 80 விழுக்காடு மரபுவழி என்று படிக்கிறோமே, அதுவும் இப்படிப்பட்ட கணக்குதான். வயிறார உண்ணும் மக்களிடையே ஒருவருக்கொருவர் உள்ள வேறுபாட்டைப் பற்றியது அது. பசித்து வளரும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு செல்லாது.

நம் கரையில் முட்டையிடும் பங்குனி ஆமையின் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்வதையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. மணல் சூடேறினால் பெண் குஞ்சுகள் மிகும் என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

கடைசியாக, மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய உறவில் மணம் முடித்தவர்களுக்கு ஒரு செய்தி. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதுள்ள மரபணு பிள்ளைக்கு வந்துசேரும் வாய்ப்பு இத்தகைய மணங்களில் கூடுதல். உணவுப் புரதத்தின் ஒரு கூற்றை உடலால் சிதைக்க முடியாமல், அது தேங்கி மூளையைக் கெடுக்கும் ஃபினைல்கீட்டோனூரியா என்னும் நோய் அப்படி வருவது. பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து உணவைக் கட்டுப்படுத்தினால், அந்த மரபணு இருந்தும் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம். பிள்ளைப்பேற்றுக்கு முன்பே மருத்துவரிடம் உங்கள் உறவுமுறையை மறைக்காமல் சொல்லி, இந்தச் சோதனையைப் பற்றிக் கேளுங்கள். வணக்கம்.