‘மூட் அவுட்’ என்ற ஒரே சொல்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மதியச் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். “என்னம்மா?” என்றேன். “மூட் அவுட் மிஸ்.” கோபமா, வருத்தமா, பயமா என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினாள். “தெரியல மிஸ்.” அவள் எதையும் மறைக்கவில்லை, நிஜமாகவே தெரியவில்லை. எனக்கு அதுதான் கவலையாகிவிட்டது.

மனசுக்குள் ஏதாவது முட்டினால் முன்பெல்லாம் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்போம், இல்லை யாரிடமாவது புலம்புவோம். அதற்குள் என்ன வலி என்று பிடிபட்டுவிடும். இப்போது வலி எட்டிப் பார்க்கும்போதே கை போனுக்குப் போய்விடுகிறது. ஒரு ரீல், அடுத்த ரீல். வந்தது என்ன என்று தெரிவதற்குள் ராத்திரி பதினொன்று.

கலிஃபோர்னியாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 51 பேரை ஐந்து நாள் முகாமில் வைத்தார்கள். போன், டிவி, கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. போகும்போதும் முடிந்த பிறகும் முகப் படங்களைக் காட்டி, இது சந்தோஷமா, சோகமா, கோபமா, பயமா என்று கேட்டார்கள். முதலில் சராசரியாக 14 தவறு. முகாம் முடிந்தபோது 9 சொச்சம். வழக்கம்போல் பள்ளிக்குப் போய்வந்த 54 பேரிடம் அவ்வளவு முன்னேற்றம் இல்லை. 2014-ல் வெளிவந்த ஆய்வு இது. சின்ன ஆய்வுதான், சரி. கூடிப் பேசி விளையாடியதும் காரணமாக இருக்கலாம். ஆனால் ஐந்தே நாள், பாருங்கள்!

நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? தொல்காப்பியம் அழுகை ஒன்றுக்கே நான்கு காரணம் பிரிக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது, பறிகொடுப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. நம் பிள்ளைகளோ நான்கையும் ‘மூட் அவுட்’ என்ற ஒரே பைக்குள் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். நாமும் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்திலேயே போனை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் “என்னடா ஆச்சு?” என்கிறோம். முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், தயவுசெய்து.

அந்தப் பெண்ணிடம் மறுநாள் வேறு மாதிரி கேட்டேன். “யாராவது ஏதாவது சொன்னாங்களாம்மா? எதையாவது தொலைச்சிட்டியா?” ரொம்ப நேரம் டிபன் பாக்ஸ் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்: “வாட்ஸ்அப் குரூப்லேர்ந்து என்னை எடுத்துட்டாங்க மிஸ். கோபம் இல்ல. அவமானமா இருக்கு.”

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.