லேசரா, ஊசியா? குறைமாதக் குழந்தையின் கண்ணுக்கு எது?

நேயர்களுக்கு வணக்கம்.

'குறைமாதத்தில் பிறந்த பாப்பாவுக்குக் கண்ணில் லேசர் நல்லதா, ஊசி நல்லதா?' வாரம் தவறாமல் யாராவது ஒரு தகப்பனார் இதைக் கேட்டுவிடுகிறார். இன்று என்னைப் பேச அழைத்ததும் இதற்காகத்தான். கண்ணை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல என்னால் முடியாது. குழந்தையின் வீடு எந்த ஊரில், அடுத்த ஆறு மாதம் யார் தூக்கிக்கொண்டு வருவார் என்பதையும் நான் கேட்டாக வேண்டும். காரணம் பிறகு வருகிறது, முதலில் நோய்.

தாயின் வயிற்றில் 16ஆவது வாரம் வாக்கில், பார்வை நரம்பு நுழையும் இடத்திலிருந்து விழித்திரையின் ஓரத்தை நோக்கி ரத்தக்குழாய்கள் வளரத் தொடங்குகின்றன. மூக்குப் பக்க ஓரத்தை எட்ட 36 வாரமும், காதுப் பக்க ஓரத்தை எட்ட 40 வாரமும் ஆகும். 28 வாரத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்கு அந்த வேலை பாதியில் நிற்கிறது. உயிரைக் காப்பாற்றக் கொடுக்கும் ஆக்சிஜன் அளவு மீறினால் வளர்ச்சி இன்னும் அடங்கிப்போகும். சில வாரம் கழித்து, ரத்தம் எட்டாத அந்த ஓரப்பகுதி வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அதன் தூண்டுதலில் தாறுமாறாகப் புதுக்குழாய்கள் முளைத்து, தழும்பேறி, விழித்திரையையே இழுத்துக் கழற்றிவிடலாம். இதைத்தான் நாங்கள் ஆர்.ஓ.பி. என்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். 'விளக்கைப் பார்த்துச் சிரிக்கிறதே' என்பார் பாட்டி.

1942இல் பாஸ்டனில் தியடோர் டெர்ரி என்ற கண் மருத்துவர் இந்த நோயை முதலில் விவரித்தார். ஆக்சிஜன்தான் காரணம் என்று ஐம்பதுகளில் தெரிந்ததும் உலகமே அதைக் குறைத்தது. கண் பிழைத்தது, ஆனால் மூச்சுக்குத் திணறி இறந்த குழந்தைகள் அதிகமாயினர். ஆகவே ஆக்சிஜனை நிறுத்துவது தீர்வாகாது. அளந்து கொடுக்க வேண்டும், மீறி நோய் வந்தால் கண்ணுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

அந்த வைத்தியம் முதலில் உறையவைக்கும் சிகிச்சையாக வந்தது. கண்ணின் வெளிப்புறத்திலிருந்து கடுங்குளிரூட்டி, ரத்தம் எட்டாத பகுதியை அழித்தார்கள். 1988இல் அமெரிக்க ஆய்வு ஒன்று அது பலன் தருவதை நிரூபித்தது. பிறகு லேசர் அந்த இடத்தைப் பிடித்தது. கொள்கை அதேதான்: புரதத்தைச் சுரக்கும் ஓரப்பகுதியைச் சுட்டு அடக்கிவிடுவது. நோய் முற்றும்வரை காத்திராமல் முன்கூட்டியே லேசர் செய்தால், விழித்திரை கெட்டுப்போகும் கண்கள் 15.6 சதவீதத்திலிருந்து 9.1 சதவீதமாகக் குறைகின்றன என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்றைக்கும் எங்கள் கணக்கெல்லாம் அந்த ஆய்வு வகுத்த அளவுகோலில்தான்.

லேசரின் விலை என்ன? சுட்ட இடம் திரும்பி வராது. பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் சுருங்கும், மைனஸ் பவர் கூடுதலாக வரும். ஒரு கண்ணுக்கே ஆயிரம், இரண்டாயிரம் புள்ளிகள் வைக்க வேண்டி வரும். ஒரு கிலோ எடைக் குழந்தை அவ்வளவு நேரம் தாங்க வேண்டும். பக்கத்தில் மூச்சைப் பார்த்துக்கொள்ள பச்சிளங்குழந்தை மருத்துவர் நிற்பார்.

ஊசி வந்தபோது எங்களுக்கெல்லாம் உற்சாகம்தான். பெவசிஸுமாப் என்ற புற்றுநோய் மருந்தைத் துளியூண்டு, 0.625 மில்லிகிராம், கண்ணுக்குள் செலுத்தினால் அந்தப் புரதம் கட்டுப்பட்டுவிடுகிறது. சில நிமிட வேலை. 2011இல் வந்த பீட்-ஆர்.ஓ.பி. ஆய்வில், விழித்திரையின் நடுப்பகுதியை ஒட்டிய நோய்க்கு ஊசி லேசரைவிட நன்றாக வேலை செய்தது. முதல் மண்டலம் என்று நாங்கள் சொல்லும் அந்த இடத்தில் லேசர் வைத்தால் சுட வேண்டிய பரப்பே மிக அதிகம். அங்கே நானும் ஊசியைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஓரம் தள்ளிய இரண்டாம் மண்டல நோயில் அந்த ஆய்வால் தெளிவான வித்தியாசம் காட்ட முடியவில்லை.

பிறகு அதே புரதத்தைக் கட்டுப்படுத்தும் ரனிபிஸுமாப் என்ற மருந்து வந்தது. 2019இல் வெளியான ரெயின்போ ஆய்வில் 0.2 மில்லிகிராம் ஊசிக்கு 80 சதவீத வெற்றி, லேசருக்கு 66. இடைவெளி பெரிதாகத் தெரிகிறது; ஆனால் புள்ளியியல் கணக்கில் மயிரிழையில் உறுதிப்படாமல் போனது. அஃப்லிபெர்செப்ட் என்ற இன்னொரு ஊசி மருந்தின் ஆய்வில் ஊசிக்கு 85.5 சதவீதம், லேசருக்கு 82.1. எண்களை மட்டும் வைத்து ஒன்று மற்றொன்றை வீழ்த்திவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி, வீடு எங்கே என்று நான் கேட்கும் காரணம். லேசர் செய்த கண்ணில் நோய் திரும்பினால் பெரும்பாலும் சில வாரங்களில் தெரிந்துவிடும். பீட்-ஆர்.ஓ.பி. ஆய்வில் லேசருக்குப் பின் சராசரியாக ஆறு வாரத்தில் திரும்பியது. ஊசிக்குப் பின் 16 வாரத்தில். குழந்தை நன்றாகக் கொழுகொழுவென்று வீட்டில் இருக்கும், எல்லாம் சரியாகிவிட்டது என்று குடும்பம் நிம்மதியாக இருக்கும், அந்த நேரத்தில் கண்ணுக்குள் மறுபடியும் கிளம்பும். ஊசி போட்ட குழந்தையை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். குழாய் போய்ச் சேராத ஓரம் மிச்சமிருந்தால் கடைசியில் லேசர்கூடத் தேவைப்படலாம். கூடலூர் தோட்டத்துத் தாய் ஒவ்வொரு முறையும் கூலியை விட்டு மலை இறங்கிக் கோவைக்கு வர முடியுமா? முடியாது என்று தெரிந்தால், இரண்டும் சரிசமமாக நிற்கும் கண்ணில் நான் லேசரைச் சொல்வேன்.

இன்னொரு கவலை, மருந்து ரத்தத்தில் கலப்பது. பெவசிஸுமாப் வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்குகிறது, ரனிபிஸுமாப் சீக்கிரம் வெளியேறுகிறது. மூளை வளர்ச்சி பாதிக்குமா என்ற கேள்விக்கு இதுவரை வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. நான் அதைப் பெற்றோரிடம் மறைப்பதில்லை.

எந்தச் சிகிச்சையும் நாள் தவறினால் வீண். நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளை, பிறந்து 30 நாளுக்குள் கண் பார்க்க வேண்டும். மிகச் சிறியவர்களை இரண்டு மூன்று வாரத்திலேயே. அமெரிக்காவின் வரம்பு 30 வாரம், ஒன்றரைக் கிலோ. நம் நாட்டில் சற்றுப் பெரிய குழந்தைகளுக்கும் இந்த நோய் வருவதால் அந்த வரம்பு நமக்குப் போதாது. 1996இல் சென்னையில் பிறந்து, கண் பரிசோதனை செய்யப்படாமல் பார்வை இழந்த ஒரு பெண்ணுக்கு, ஒரு கோடி ரூபாயைத் தாண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2015இல் தமிழ்நாடு அரசு தர வேண்டும் என்றது. சிகிச்சை தேவை என்று சொன்னால் மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும். நல்ல நாள் பார்க்க நேரமில்லை.

டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நோய் எந்த மண்டலத்தில்? எந்த மருந்து? அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும்? தேதியைத் தாய் சேய் நல அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தச் சிகிச்சை எடுத்த குழந்தைக்கும் பின்னால் மைனஸ் பவரோ மாறுகண்ணோ வரலாம், சிலருக்கு ஒரு வயதுக்குள்ளேயே கண்ணாடி தேவைப்படும். இவ்வளவு சின்னக் குழந்தைக்கா என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். போடுங்கள். வணக்கம்.