திருநாள் திகதியில் ஒளிந்திருக்கும் பெட்டி: திருகோணமலையில் புனிதர்கள் வழி ஜியோகேஷிங்

(காட்சி: மேலிருந்து திருகோணமலை நகரம், கோட்டை, உட்துறைமுகம்)

வணக்கம். திருகோணமலையின் கத்தோலிக்க, அங்கிலிக்கன் தடங்களை இணைத்து ஒரு ஜியோகேஷிங் பாதை அமைப்பதென்றால் எப்படி அமைக்கலாம்? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புனிதருக்கு ஒரு பெட்டி என்று ஊரெல்லாம் ஒளித்து வைக்கக்கூடாது. ஒரே ஒரு பெட்டி போதும். மற்றதைப் புனிதர்களின் திருநாள்கள், அதாவது ஆண்டுதோறும் அவர்களை நினைவுகூரும் நாள்கள், பார்த்துக்கொள்ளும்.

விளையாட்டைக் கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் ஒரு பெட்டியை மறைத்துவைத்து, அந்த இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடிப்பிடித்து, உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே மழுக்கிவைத்திருந்த அமெரிக்க அரசு, 2000 மே தொடக்கத்தில் அதைக் கைவிட்டது. மே 3ஆம் திகதியே ஒரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் முதல் பெட்டியை வைத்துவிட்டார். கை துறுதுறுத்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

சரி, பெட்டிகளை ஏன் குறைக்கச் சொல்கிறேன்?

(காட்சி: ஆலய மதில்)

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் நடந்த குண்டுத் தாக்குதல்களை இந்த நாட்டில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆலய மதிலோரம் கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டியை இங்கே எவரும் விளையாட்டாகப் பார்க்கமாட்டார்கள், பார்க்கவும் கூடாது. போதாக்குறைக்கு, பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம், துறைமுகப் பக்கம் கடற்படை. புதருக்குள் கையை விட்டுத் துழாவுகிறவர் எதைத் தேடுகிறார் என்று விளக்குவதற்குள் பொழுது போய்விடும். விளையாட்டின் விதிகளும் இதற்கு ஒத்தாசைதான்: இட உரிமையாளரின் அனுமதி வேண்டும், மண்ணைத் தோண்டிப் புதைக்கக்கூடாது, இரண்டு பெட்டிகளுக்கிடையே குறைந்தது 161 மீற்றர் இருக்க வேண்டும்.

பெட்டியே இல்லாத வகையும் உண்டு. ஆனால் அதை நினைத்தவர் நினைத்தபடி பதிவு செய்ய முடியாது. ஆகவே நமக்குப் பொருந்துவது பல கட்டத் தேடல். இடையில் வரும் இடங்களில் கேள்வி மட்டும் இருக்கும். பதில்களைச் சேர்த்தால் கடைசிப் பெட்டியின் இடம் கிடைக்கும்.

(காட்சி: திரையில் எண்கள்)

திருகோணமலை நகரம் வடக்கே 8 பாகை 34 கலை, கிழக்கே 81 பாகை 14 கலை அளவில் இருக்கிறது. கலைக்குப் (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) பின்னால் வரும் மூன்று தசம இலக்கங்களே தெருவையும் வாசலையும் தீர்மானிக்கின்றன. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் இடம் இரண்டு மீற்றருக்குள் நகரும். அந்த மூன்று இலக்கங்களைத் திருநாளிலிருந்து எடுங்கள். புனித யோசேவாஸ் அடிகளாரின் திருநாள் ஜனவரி 16; நாளையும் மாத எண்ணையும் அடுத்தடுத்து எழுதினால் 161. மேலே சொன்ன 161 மீற்றரும் இதுவும் ஒன்றாக அமைந்தது தற்செயல், ஆனாலும் விட மனம் வரவில்லை. இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பருக்கு மார்ச் 19, அதாவது 193. ஆக, 34.161, 14.193. இது விளக்கத்துக்கான எண். தயவுசெய்து கிளம்பிப் போய்விடாதீர்கள்.

வீட்டிலிருந்தே கணக்குப் போட்டுவிடுவார்களே என்று கேட்கலாம். அதனால்தான் குறிப்பில் புனிதரின் பெயரைச் சொல்லக்கூடாது. "கையில் குழந்தை இயேசு, கூடவே லீலி மலர்" என்று மட்டும் சொல்லி, சுரூபத்தின் (புனிதரின் சிலையின்) முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். சூசையப்பருக்கும் அதே அடையாளம், அந்தோனியாருக்கும் அதே அடையாளம். தாடி இருந்தால் சூசையப்பர். தவிட்டு நிற அங்கியும் இடுப்பில் கயிறும் இருந்தால் அந்தோனியார். அந்தோனியாரின் நாள் ஜூன் 13, அதாவது 136. ஆளை மாற்றிப் பிடித்தவர் நூறு மீற்றருக்கு மேல் மேற்கே போய் நின்று தலையைச் சொறிவார்.

(காட்சி: நீல நிற மரியன்னை பேராலயம்)

தொடக்கத்துக்கு 1852இல் கட்டப்பட்ட புனித மரியன்னை பேராலயம். அடுத்து 1867இல் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரி. பள்ளி வளாகம் என்பதால் கேள்வியை வெளிவாசலோடு நிறுத்திக்கொள்வது மரியாதை. பிறகு புனித ஸ்தேவான் கல்லறைத் தோட்டம். கல்லெறிந்து கொல்லப்பட்ட அந்த முதல் மறைசாட்சியின் நாள் டிசம்பர் 26. எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஆஸ்டின், 1852இல் பர்மாவில் வாந்திபேதியால் இறந்து இங்கேதான் அடக்கமானார். வியாழன் கோளைத் திருகோணமலையிலிருந்தே தொலைநோக்கியில் ஆராய்ந்த மோல்ஸ்வேர்த்தின் கல்லறையும் இங்கே உண்டு. அவர் இறந்தது 1908 டிசம்பர் 25, ஸ்தேவானின் நாளுக்கு முதல் நாள். நானாக இருந்தால் இந்த இடத்துக்கு இரண்டு கேள்வி வைப்பேன்.

உள்ளூர்ப் புனிதர் என்று பார்த்தால், இவர்களில் இந்தத் தீவின் மண்ணில் நடந்தவர் யோசேவாஸ் ஒருவரே. கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, மறைந்து மறைந்தே பணி செய்து, 1711இல் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஒளிந்து வாழ்ந்தவரின் திருநாள்தான் ஒளித்துவைத்த பெட்டிக்குத் திறவுகோலாக வேண்டும்.

(காட்சி: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி)

அந்த ஒற்றைப் பெட்டியைப் பங்குத்தந்தையிடம் கேட்டு, ஆலய அலுவலகத்தில் வைப்பதே நல்லது. உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும். மேலே இது என்ன என்று எழுதியிருக்க வேண்டும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம். பென்சிலே வையுங்கள், மை கரைந்துவிடும். தின்பண்டம் எதுவும் உள்ளே கூடாது. அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தைப் பதிவில் எழுத மறக்காதீர்கள்: வெயிலில் நான்கு இடம் சுற்றிவிட்டுப் பூட்டிய கதவின் முன் நின்றவர், இணையத்தில் எழுதும் குறிப்பு இனிக்காது.