ஸ்கைலரைப் பற்றிப் பேச வைப்பது வீடுதான்

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

அமெரிக்க விடுதலைப் போரின் தளபதியும் நியூயார்க் மாநிலத்தின் முதல் செனட்டர்களில் ஒருவருமான பிலிப் ஸ்கைலரைப் பற்றி இன்றும் நம்மைப் பேச வைப்பது பொதுவாழ்வா, குடும்பமா? இதுதான் தலைப்பு. ‘பொதுவாழ்வே’ என்று எதிரணித் தோழர் பீரங்கியாக முழங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். புகை இன்னும் அடங்கவில்லை.

அவர் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1777 கோடையில் கனடா பக்கமிருந்து இறங்கி வந்த பர்கோயினின் ஆங்கிலப் படையை, மரங்களை வெட்டிப் பாதையில் சாய்த்தும் பாலங்களை உடைத்தும் ஸ்கைலரின் ஆட்கள் தடுத்தார்கள். இருபது சொச்சம் மைலுக்கு அந்தப் படைக்கு ஏறக்குறைய மூன்று வாரம் பிடித்தது. சரி, பெரிய காரியம்தான். அப்புறம் நடந்ததை ஏன் தோழர் விழுங்கிவிட்டார்? ஆங்கிலேயரிடம் டைகான்டரோகா என்ற கோட்டை பறிபோன பழியை ஸ்கைலர் தலையில் போட்டு, அந்த ஆகஸ்டிலேயே அவரை மாற்றிவிட்டார்கள். அக்டோபர் 17 அன்று சரடோகாவில் பர்கோயின் சரணடைந்தது ஸ்கைலரின் இடத்துக்கு வந்த ஹொரேஷியோ கேட்ஸிடம். உழுதவன் ஒருவன், அறுத்தவன் இன்னொருவன். 1778இல் ராணுவ நீதிமன்றம் ஸ்கைலர் மீது குற்றமில்லை என்றது. ஆனால் போன பெயர் போனதுதானே! அடுத்த ஆண்டு பதவியை விட்டார்.

கால்வாய்க் கதையும் இதேதான். 1792இல் உள்நாட்டு நீர்வழிக் கம்பெனிகளை முன்னின்று நடத்தியவர் அவர். ஆனால் பிற்பாடு நியூயார்க்கில் வெட்டிய பெரிய ஈரி கால்வாய் என்றதும் ஊர் சொல்வது ஆளுநராக இருந்த டிவிட் கிளின்டன் பெயரைத்தான்.

இப்போது என் பக்கம் வாருங்கள். சரணடைவதற்குச் சில நாள் முன்புதான் பர்கோயினின் ஆட்கள் சரடோகாவில் ஸ்கைலரின் வீட்டையும் ஆலைகளையும் கொளுத்தியிருந்தார்கள். தோற்ற பக்கத்து ஜெர்மன் தளபதியின் மனைவி, ரீடசல் சீமாட்டி, மூன்று சின்னப் பெண் குழந்தைகளோடு அமெரிக்க முகாமுக்குள் நடுங்கிக்கொண்டே வருகிறார். ஒருவர் வண்டியருகே வந்து குழந்தைகளைத் தூக்கி இறக்குகிறார், முத்தம் கொடுக்கிறார், தன் கூடாரத்துக்கு அழைத்துப்போய்ப் புகையூட்டிய நாக்கு இறைச்சி, மாட்டிறைச்சி வறுவல், உருளைக்கிழங்கு, வெண்ணெய், ரொட்டி எல்லாம் கொடுக்கிறார். அவர்தான் ஸ்கைலர் என்பது அந்த அம்மாளுக்குப் பிறகுதான் தெரிகிறது. பிற்பாடு இதைத் தன் நினைவுக்குறிப்பில் எழுதி வைத்தார். அவர் மனத்தில் பதிந்தது வெட்டிச் சாய்த்த மரங்கள் இல்லை ஐயா, அந்தச் சாப்பாடு!

பர்கோயினையும் விடவில்லை. நியூயார்க்கின் ஆல்பனி நகரில் இருந்த தன் மாளிகைக்கே அனுப்பி வைத்தார். வீட்டைக் கொளுத்தியவருக்கு அங்கே விருந்து வைத்தவர் யார்? கேத்தரின் வான் ரென்சலேர். 1755இல் ஸ்கைலரைக் கைப்பிடித்து, பதினைந்து பிள்ளைகள் பெற்று, அதில் எட்டை மட்டும் ஆளாக்கிக் காண முடிந்த தாய். கணவர் ராணுவக் கணக்கு முடிக்க லண்டன் போயிருந்தபோது ஆல்பனி மாளிகையின் கட்டுமானத்தைக் கவனித்தவர்களில் அவரும் உண்டு.

பெண்கள் கதை இன்னும் சுவை. மூத்தவள் ஆஞ்சலிகா அதே 1777இல் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரே கோடையில் தளபதி இழந்தது கோட்டையை மட்டுமல்ல! அதனால்தான், தாய்தகப்பன் துணையில்லாமல் எங்கோ தீவில் பிறந்து வளர்ந்து, பின்னாளில் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சரான அலெக்சாண்டர் ஹாமில்டன் இரண்டாவது பெண் எலைசாவைக் கேட்டபோது, கல்யாணம் எங்கள் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்றார் அப்பா. 1780 டிசம்பர் 14, ஆல்பனி மாளிகையிலேயே நடந்தது.

அங்கிருந்து பொதுவாழ்வுக்கே குடும்பம்தான் கதை எழுதியது. 1791இல் ஸ்கைலரின் செனட் இடத்தைப் பறித்தவர் ஆரன் பர் என்ற அரசியல்வாதி. 1804 ஜூலையில் துப்பாக்கிச் சண்டையில் மருமகன் ஹாமில்டனைச் சுட்டுக் கொன்றதும் அதே பர். மனைவியை முந்தைய ஆண்டே பறிகொடுத்திருந்த ஸ்கைலர் அதற்குப் பிறகு நான்கு மாதம்தான் இருந்தார். எலைசாவோ 97 வயது வரை, 1854 வரை வாழ்ந்தார். நியூயார்க்கில் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கியவர்களில் ஒருவர், கணவரின் காகிதங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். ஸ்கைலர் என்றதும் ‘ஹாமில்டனின் மாமனாரா?’ என்று உலகம் கேட்பது யாரால்?

‘அந்த வீட்டில் அடிமைகளும் இருந்தார்களே’ என்று எதிரணி கேட்கும். இருந்தார்கள். ஆல்பனியிலும் சரடோகாவிலும் அவர்கள் உழைப்பில்தான் அந்தக் குடும்பம் நடந்தது. அதை மூடி மறைக்க நான் வரவில்லை. ஆல்பனி நகரமன்றத்தின் முன் 1925இல் வைத்த ஸ்கைலர் சிலையை 2023இல் அகற்றினார்களே, எதற்காக? டைகான்டரோகாவுக்காகவா? ஆட்களை அடிமைகளாக வைத்திருந்தார் என்பதற்காக. புகழானாலும் பழியானாலும் ஊர் எட்டிப் பார்ப்பது அந்த வீட்டு வாசலைத்தான்.

அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: சிலை இறங்கிய அன்று உங்கள் சரடோகா ஏன் அவரைக் காப்பாற்றவில்லை? நன்றி, வணக்கம்.