ஐம்பது வயதில் பிள்ளை, அதுவும் கடல் கடந்து

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைகள் இல்லத்தில் சமூகப் பணியாளராகப் பல வருடம் இருந்தவள் நான். அந்த வேலையில் அதிகம் காதில் விழுந்த கேள்வி, "எங்களுக்கு வயசாயிடுச்சும்மா, இனிமே பிள்ளை குடுப்பாங்களா?" என்பதுதான். சிங்கப்பூரிலிருந்து கேட்டிருக்கிறார்கள், நியூ ஜெர்சியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். தமிழே தெரியாத இத்தாலியத் தம்பதியும் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு இதையேதான் கேட்டார்கள்.

கொடுப்பார்கள். எந்த வயசுப் பிள்ளையைக் கொடுப்பார்கள் என்பதைத்தான் நான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

இந்தியாவில் தத்துக்கெல்லாம் தலைமை டெல்லியில் இருக்கும் காரா, அதாவது மத்திய தத்தெடுப்பு வள ஆணையம். அவர்களுடைய 2022 விதிமுறையில் ஒரு வயசுக் கணக்கு இருக்கிறது. பேனா, பேப்பர் தேடவேண்டாம், மனக்கணக்கே போதும். கணவன் வயசையும் மனைவி வயசையும் கூட்டுங்கள். 85-க்குள் இருந்தால் 2 வயது வரையுள்ள குழந்தை. 90-க்குள் என்றால் 4 வயது வரை. 100-க்குள் என்றால் 8 வயது வரை. அதற்கும் மேலே 110 வரை போனால், 8 வயது தாண்டிய பிள்ளை. கணவருக்கு 51, மனைவிக்கு 47 என்று வையுங்கள். கூட்டினால் 98. அவர்கள் கைக்குழந்தை கேட்க முடியாது, நாலு வயது தாண்டிய பிள்ளையைக் கேட்கலாம். தனியாக வாழும் பெண்மணிக்கு 52 வயசா? எட்டு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அவர் தகுதியானவர். தனி ஆளுக்கு 55 வரை இடம் உண்டு.

இதைச் சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடும். "பச்சைக் குழந்தையா இருந்தாத்தானே நம்ம பிள்ளையா வளரும்?" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை, ஒருநாளும் இருந்ததில்லை. இல்லத்தில் ஏழு வயசுப் பிள்ளை எப்படி இருக்கும் தெரியுமா? தனக்குப் பின்னால் வந்த கைக்குழந்தைகள் ஒவ்வொன்றாகக் காரில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கும். வெளியாள் யார் வந்தாலும் அந்த அறைக்குத்தானே நேராகப் போகிறார்கள்! தொட்டில் இருக்கும் அறைக்கு. பெரிய பிள்ளைகள் நடையில் நின்று வேடிக்கை பார்க்கும். இந்தப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா ஆகக்கூடியவர்கள் பெரும்பாலும் நாற்பத்தைந்து, ஐம்பதைத் தொட்டவர்கள்தான். அதனால்தான் அந்த விதி சரி என்கிறேன்.

அந்த இத்தாலியத் தம்பதி கதையைச் சொல்லியே ஆகவேண்டும். பேர் வேண்டாம். அவருக்கு ஐம்பது, தாடி முழுக்க வெள்ளை. பையனுக்கு ஏழு. பிள்ளை கிளம்புவதற்கு முன்னால் புது வீட்டின் போட்டோ ஆல்பம் வரும். வீடு, தோட்டம், பள்ளிக்கூடம், விளையாட்டுச் சாமான் எல்லாம் அதில் இருந்தது. பையன் சாமான்களைப் பார்க்கவே இல்லை. கட்டில் படத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இதுல யாரு படுப்பா?" என்றான். நீதான் என்றேன். "தனியாவா?" என்றான். இருபது பிள்ளைகள் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் ஹாலில் வளர்ந்தவன். அவனுக்குத் தனி அறை என்றால் பயம்தான் வரும். அந்த அம்மாவிடம் வீடியோ காலில் இதைச் சொன்னோம். அடுத்த காலில் அவர் போனைத் தூக்கிக் காட்டினார். சின்னக் கட்டில் அவர்கள் கட்டிலோடு ஒட்டிக் கிடந்தது. பையன் கிட்டே வந்து நன்றாகப் பார்த்தான். "லைட்டு எரியுமா?" என்று கேட்டான். எரியும் என்றார்கள்.

அவர்கள் நேரில் வந்த அன்றைக்கு மற்றப் பிள்ளைகள் கத்தினார்கள், "டேய், உங்க தாத்தா வந்துட்டாரு!" பையன் முகம் சுருங்கிப்போனது. மொழிபெயர்த்த பெண் சொல்லலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள். உள்ளபடியே சொல் என்றேன். அவர் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார், தாடியைத் தொட்டுப் பார்க்கவிட்டார். "பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் கேட்பார்கள். நாம் ரெண்டு பேரும் என்ன பதில் சொல்லலாம்?" என்று கேட்டார். பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். "நானே சொல்லிக்கிறேன்" என்றான்.

வயசான பெற்றோருக்கு இருக்கும் நிதானம் என்று நான் சொல்வது இதைத்தான். கிளம்பும்போது அவனுடைய எவர்சில்வர் தட்டைக் கேட்டான். ஆணியால் பேர் கீறிய பழைய தட்டு. புதுச் சாமான்களை ஒதுக்கிவிட்டு, பெட்டியில் அதைத்தான் முதலில் வைத்தார் அந்த அம்மா.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் சம்மதம் கேட்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கேட்டாலும் பிள்ளை உடனே ஒட்டிவிடாது. தலையணைக்கடியில் ரொட்டியை ஒளித்து வைக்கும், வேண்டுமென்றே அடம்பிடித்து, இவர்கள் நம்மைத் திருப்பி அனுப்புவார்களா என்று பார்க்கும். மாதக்கணக்கில் இது நடக்கும். இதற்கு மனசைத் தயார் செய்துகொண்டு வாருங்கள். பிபி, சர்க்கரை இருந்தால் ஹோம் ஸ்டடிக்கு, அதாவது உங்கள் வீட்டையும் குடும்பத்தையும் நேரில் பார்த்து விசாரிக்க, வருகிறவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்பதற்கு ஒரு ஆளின் பேர், அவருடைய முழுச் சம்மதத்தோடு, உங்கள் கையில் இருக்கட்டும்.

"இத்தனை பேப்பர் எதற்கு?" என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஒரு காலத்தில் ஒழுங்கான பேப்பரே இல்லாமல் பிள்ளைகள் போனார்கள், அதனால்தான். 1980-களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். பெற்ற தாய் என்று வேறொரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்திய கதையெல்லாம் அங்கே உண்டு. பிள்ளைகள் வளர்ந்து அம்மாவைத் தேடி வந்தபோதுதான் பலருக்கு அது தெரிந்தது. இந்தியாவில் 1984-ல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்துக்கு வரம்பு கட்டியது. வழக்கறிஞரான பாண்டே எழுதிய கடிதமே அங்கே மனுவானது! பிறகு 1993-ல் நாடுகளுக்கிடையே நடக்கும் தத்து பற்றிய ஹேக் உடன்படிக்கை வந்தது, 2003-ல் இந்தியா அதை ஏற்றது. சொந்த நாட்டில் வீடு கிடைக்கிறதா என்று முதலில் பார், அதற்குப் பிறகுதான் வெளிநாடு என்பது அதன் அடிப்படை. சீனா 2024-ல் வெளிநாட்டுத் தத்தை, உறவுக்காரர்களைத் தவிர, நிறுத்தியேவிட்டது.

நேரம் ஓடிவிட்டது, மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டில் அனுமதி பெற்ற தத்து நிறுவனம் அல்லது தத்துக்கான அரசு அமைப்பு வழியாகத்தான் பதிய வேண்டும், இரண்டும் இல்லாத நாட்டில் இந்தியத் தூதரகம் வழியாக. இந்தியக் குடிமக்களாக வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு உள்ளூர்க்காரர்களுக்குச் சமமான வரிசை உண்டு. தரகரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். தத்து உத்தரவை 2022 முதல் மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார். போன பிறகு இரண்டு வருடம் பிள்ளையைப் பற்றி அறிக்கை வரவேண்டும், முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று. குடியுரிமைப் பத்திரம் பிள்ளை கைக்கு வரும்வரை விடாதீர்கள். பெற்றவரைத் தேடுவது பற்றித் தனியாகவே பேச நினைத்திருந்தேன். 18 வயதானதும் பிள்ளையே காராவுக்கு எழுதிக் கேட்கலாம். பெற்றவரின் ரகசியத்தைக் காத்துக்கொண்டு தெரிவிக்க முடிந்ததைத் தெரிவிப்பார்கள். அதனால் இல்லத்தில் தந்த ஒரு தாளையும் தூக்கிப் போடாதீர்கள், சின்னச் சீட்டாக இருந்தாலும் சரி. வணக்கம்.