தராசடியில் நின்ற குடும்பம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். தலைமுறை தலைமுறையாகப் பருத்தி வாங்கி, அரைத்துக் கொட்டை நீக்கி, பஞ்சாக்கி விற்றுவரும் ஒரு குடும்பத்தைப் பாராட்ட இந்த ஊர் கூடியிருக்கிறது. அவர்கள் ஈட்டிய செல்வத்தைப் பற்றிப் பேசுவதைவிட, அவர்கள் தராசடியில் நடந்துகொண்ட முறையைப் பற்றிப் பேசுவதையே நான் விரும்புகிறேன்.

உழைக்காமல் வரும் ஆதாயத்தைப் 'பருத்தி புடவையாய்க் காய்த்தது போல' என்று சொல்வது நம் வழக்கம். பருத்தி அப்படிக் காய்ப்பதில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செடியிலிருந்து எடுத்த பருத்தியின் எடையில் பெரும்பகுதி கொட்டைதான். 100 கிலோவை அரைத்தால் ஏறத்தாழ 33 முதல் 40 கிலோ வரையே பஞ்சு தேறும். இந்தத் தேர்ச்சி இரகத்துக்கு இரகம் மாறும். ஒரே வயலில் முதல் பறிப்புக்கும் கடைசிப் பறிப்புக்கும்கூட வேறுபடும். மூட்டையை இறக்கிவிட்டு வீடு திரும்பும் உழவருக்குத் தம் பருத்தியில் எவ்வளவு பஞ்சு தேறியது என்று தெரிய வழியில்லை. அது ஆலைக்காரருக்கு மட்டுமே தெரியும். ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாத இந்த இடைவெளியில்தான் இத்தொழிலின் நேர்மையும் நேர்மையின்மையும் குடியிருக்கின்றன.

ஈரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரப் பருத்தி எடை கூட்டும். ஆனால் ஈரத்தோடு குவித்து வைத்தால் குவியலின் உள்ளே சூடேறிப் பஞ்சு மஞ்சளிக்கும். கொட்டையின் முளைப்புத்திறனும் கெடும். அளவுக்கு மீறி உலர்ந்தாலோ அரவையில் இழை அறுபடும். இதை அறிய ஒரு கொட்டையை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள். சட்டென்று உடைந்தால் உலர்ந்தது, நசுங்கினால் ஈரம். ஈரத்தைக் காரணம் காட்டி எடையில் தம் விருப்பம்போல் கழித்துக்கொள்வது எந்த வணிகருக்கும் எளிது. காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பி, இடையில் விலை இறங்கினாலும் முன்பு பேசிய விலைக்கே எடுத்துக்கொள்வது எளிதன்று. இக்குடும்பம் அந்தக் கடினமான வழியையே தேர்ந்தது. அதன் நட்டத்தையும் ஏற்றது.

எல்லாப் பருத்தி வணிகத்துக்கும் இந்தப் பெருமை உண்டு என்று நான் சொல்ல மாட்டேன். விதைப்பின்போது கடன் கொடுத்து, விளைச்சலைத் தமக்கே விற்க வேண்டும் என்று உழவரைக் கட்டிப்போட்ட வணிகர்கள் பல நாடுகளிலும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்கரான எலி விட்னி 1793இல் உருவாக்கிய பருத்தி அரவைப் பொறியின் கதையும் அத்தகையதே: கொட்டை பிரிக்கும் வேலையை அது விரைவாக்கியது, ஆனால் அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்தித் தோட்டங்கள் பெருகவும், அவற்றோடு அடிமை முறை மேலும் பரவவும் அதுவே துணைபோயிற்று. ஆகவே பொறி வந்ததனால் ஊர் செழித்தது என்று பொதுவாகப் புகழ என் மனம் இசையவில்லை. அதை நடத்தியவர்களைப் பார்த்தே பேச வேண்டியிருக்கிறது.

இந்தத் தொழிலின் உறக்கமில்லாத இரவுகளை வெளியார் அறிவது அரிது. பருத்தியோடு கலந்து வரும் ஒரு சிறு கல்லோ இரும்புத் துண்டோ பொறியில் உரசினால் தீப்பொறி எழும். இறுக்கிக் கட்டிய சிப்பத்தின் உள்ளே புகுந்த கனல், வெளியே எதுவும் தெரியாமல் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். பருவக் காலத்தில் இவ்வீட்டு ஆண்கள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள் என்றால், பெண்கள் விளக்கடியில் அமர்ந்து அன்றைய எடைச் சீட்டுகளை ஏட்டில் ஏற்றினார்கள். மேடைப் பேச்சுகளில் அவர்களைக் குறிப்பிடாமல் விடுவது வழக்கமாகிவிட்டது. அதை இன்று நான் பின்பற்றப் போவதில்லை. ஒரு மூட்டையின் எடையில் ஐயம் எழுந்தபோதெல்லாம், உழவர் கேட்டவுடன் விரித்துக் காட்டப்பட்டது அவர்கள் எழுதிய ஏடுதான்.

இன்று ஈரத்தை அளக்கக் கருவி வந்துவிட்டது. எடையும் எண்களாகத் திரையில் தெரிகிறது. ஆனாலும் இக்குடும்பத்தின் இளைய தலைமுறை, கருவி காட்டும் அளவைப் பார்த்த பிறகும் ஒரு கொட்டையைக் கடித்துப் பார்க்கிறது; பிறகு அந்த அளவை உழவர் பக்கம் திருப்பிக் காட்டுகிறது. எடைமேடையில் நிற்பவரையும் கணக்கேட்டைக் காப்பவரையும் ஒருசேர மேடைக்கு வருமாறு அழைக்கிறேன்.