பார்டோக் கிராமத்துப் பாட்டிலிருந்து எடுத்துக்கிட்டது என்ன?

அடுத்த கேள்வி. "லிஸ்ட், பிராம்ஸ் எல்லாம் ஏற்கெனவே ஹங்கேரிய இசையை வச்சு எழுதிட்டாங்களே, பேலா பார்டோக் புதுசா என்ன செஞ்சார்? கிராமத்துப் பாட்டுக்குப் பியானோ சேர்த்தார், அவ்வளவுதானே?" அப்படின்னு ஒரு நேயர் கேட்டிருக்கார். பார்டோக் ஹங்கேரிய இசையமைப்பாளர். லிஸ்டும் பிராம்ஸும் அவருக்கு முந்தின தலைமுறை இசையமைப்பாளர்கள்.

முதல்ல லிஸ்ட், பிராம்ஸ் கேட்டது எந்த இசைன்னு பார்க்கணும். நகரத்து விடுதிகள்ல ரோமா (ஜிப்ஸி) வாத்தியக் குழுக்கள் வாசிச்ச இசை அது. அதுல பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டுல பெயர் தெரிஞ்ச ஆட்கள் எழுதின மெட்டுகள். பிராம்ஸோட ரொம்பப் பிரபலமான 5-ஆம் ஹங்கேரிய நடனம் இருக்கு இல்லையா, அந்த மெட்டே கேலர் பேலாங்கிறவர் எழுதினது. பிராம்ஸ் அதை நாட்டுப்புற மெட்டுன்னு நினைச்சு எடுத்துட்டார்.

1881-ல பிறந்த பார்டோக்கும் 1903 வரைக்கும் அந்த வழியிலதான் போனார். 1904 கோடையில, இன்னிக்கு ஸ்லோவாக்கியாவுல இருக்கிற ஒரு ஊர்ல தங்கியிருந்தப்போ, ட்ரான்சில்வேனியாவுலேருந்து குழந்தையைப் பார்த்துக்க வந்திருந்த லிடி டோஷாங்கிற பொண்ணு பாடினதைக் கேட்டார். விடுதியில கேட்ட இசை மாதிரியே அது இல்லை. அடுத்த வருஷம் ஸோல்தான் கோடாய்ங்கிற இன்னொரு ஹங்கேரிய இசையமைப்பாளரைச் சந்திக்கிறார். 1906-ல ரெண்டு பேரும் ஆளுக்குப் பத்தா 20 பாட்டு வெளியிட்டாங்க.

சேகரிக்கிற வேலை லேசானது இல்லை. கருவி எடிசன் ஃபோனோகிராஃப், ஒலி பதியுறது மெழுகு உருளையில. ஒரு உருளையில சில நிமிஷம்தான் பிடிக்கும். ஒவ்வொரு தடவை போட்டுக் கேக்கும்போதும் ஊசி பட்டு மெழுகு தேயும். நீளமான பாட்டுன்னா முழுசும் அதுல அடங்காது. மிச்சத்துக்குப் பென்சிலும் நோட்டும்தான். நுணுக்கமான கமகம் காதுல விழலைன்னா பாதி வேகத்துல ஓடவிட்டுக் கேக்கலாம். ஆனா வேகம் பாதியானா சுருதியும் ஒரு ஸ்தாயி இறங்கிடும். கருவி ஓடுற வேகம் கொஞ்சம் மாறினாலே சுருதி தப்பாயிடும். அதனால பதிவு ஆரம்பிக்கும்போது சுருதிக் குழலை ஒரு தடவை ஊதி வைப்பாங்க. திரும்பப் போடும்போது அதை வச்சு வேகத்தைச் சரிபண்ணலாம்.

யாரைப் பாடச் சொல்றதுங்கிறது இன்னும் முக்கியம். பட்டணத்து மனுஷர் வந்து "பழைய பாட்டு பாடுங்க"ன்னு கேட்டா, கோயில் பாட்டையோ பட்டணத்துப் பாட்டையோதான் பாடுவாங்க, அதுதான் மரியாதைன்னு. 1907-ல எழுதின ஒரு கடிதத்துல, பழைய பாட்டு கேட்டுக் கேட்டு அலுத்துப்போன உரையாடலை பார்டோக் அப்படியே எழுதியிருக்கார். அதே பயணத்துலதான் ட்ரான்சில்வேனியாவோட சீக் பகுதிப் பெரியவங்க கிட்டேருந்து ஐந்து சுர மெட்டுகள் கிடைச்சது.

அந்த ஐந்து சுரத்துலதான் உங்க கேள்விக்கான பதில் இருக்கு. நம்ம கணக்குல ஸ க2 ம1 ப நி2, அதாவது சுத்த தன்யாசியோட சுரங்கள். நாலு வரி மெட்டு. மேலே ஆரம்பிச்சு கீழே இறங்கி முடியும். பல மெட்டுல முதல் ரெண்டு வரியே ஒரு பஞ்சம தூரம் (ஸ-விலேருந்து ப வரைக்கும் உள்ள தூரம்) கீழே திரும்ப வரும். இதுக்கு ஜெர்மானியப் பாடப்புத்தக முறையில ஹார்மனி, அதாவது மெட்டுக்குத் துணையா ஒலிக்கிற சுரங்கள், போட்டா என்ன ஆகும்? மைனர் ஸ்கேல்ல (க2 வர்ற ஸ்கேல்) முடிவுக்கு வரும்போது பஞ்சமத்து மேல கட்டின கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டு) போடுவாங்க. அதுல காகலி நிஷாதம் (நி3) இருக்கும். மெட்டுல இருக்கிறது கைசிகி நிஷாதம் (நி2). ரெண்டும் மோதும், இல்லைன்னா மெட்டையே திருத்தணும். பார்டோக் மெட்டைத் திருத்தலை, ஹார்மனியை மாத்தினார். பாட்டுல நி2 நிம்மதியா நிக்குதுன்னா, கார்டுலயும் அது நிக்கலாம். ஸ க ப நி நாலையும் சேர்த்து வாசிச்சு, வேற கார்டுக்குப் போய்த் தீர்க்காம அங்கேயே விடலாம். கிராமத்துப் பாட்டு மேல அவருக்கு இருந்த மரியாதைக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்னு நினைக்கிறேன்.

1931-ல அவரே மூணு வழியைச் சொல்றார். மெட்டை அப்படியே எடுத்துத் துணையிசை சேர்க்கிறது ஒண்ணு. 1915-ல எழுதின ருமேனிய நாட்டுப்புற நடனங்கள் அந்த வகை. அதே சாயல்ல சொந்தமா மெட்டு கட்டுறது இன்னொண்ணு. மூணாவதுல மெட்டும் இருக்காது, சாயலும் இருக்காது, அந்த இசையோட தன்மை மட்டும் ஊறியிருக்கும். நேயர் சொல்றது முதல் வகையை மட்டும்தான்.

இன்னொண்ணு, அவர் ஹங்கேரியோட நிக்கலை. ருமேனியப் பாடல்கள் மட்டும் 3,000-க்கு மேல. ஸ்லோவாக், 1913-ல அல்ஜீரியாவோட பிஸ்க்ரா, 1936-ல துருக்கி. இதுக்காகச் சொந்த நாட்டுல தேசத்துரோகின்னு கூடத் திட்டு வாங்கினார். 1934-ல பியானோ ஆசிரியர் வேலையை விட்டுட்டு, ஹங்கேரிய அறிவியல் கழகத்துல பாட்டுகளை வகைப்படுத்துற வேலைக்குப் போனார். 1939 கடைசியில அம்மா இறந்தாங்க, 1940-ல அமெரிக்கா போனார், 1945 செப்டம்பர் 26-ல நியூயார்க்ல ரத்தப் புற்றுநோயால இறந்தார்.

வாசிக்கிறவங்களுக்கு ஒண்ணு. "ட்ரான்சில்வேனியாவில் மாலை"ன்னு 1908-ல எழுதின சின்னப் பியானோ உருப்படி இருக்கு. ரெண்டாவது வகை, மெட்டு அவரே கட்டினது. மெதுவான பகுதியும் துள்ளலான பகுதியும் மாறி மாறி வரும். நிறைய பேர் மெதுவான பகுதியை மெட்ரோனோம் (சீராத் தாளம் தட்டுற கருவி) போட்டு வாசிக்கிறாங்க, அங்கதான் தப்பாகுது. அது பேச்சோட ஓட்டத்துல நீட்டியும் சுருக்கியும் போகணும். துள்ளல் பகுதிதான் கறாரான தாளம். பார்டோக்கே வாசிச்ச பதிவு கிடைக்குது, நோட்டைக் கையில வச்சுக்கிட்டு எந்த இடத்துல நீட்டுறார்னு குறிச்சுக்குங்க.